துணைவி தந்த பணமும் வீட்டுப் பத்திரமும்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்தார்கள். வீட்டைப் பற்றிப் பேச நாம் அனுமதி கேட்டுப் பெற்றோம். இக்கழகத்தின் மாலை வகுப்பில் எழுத்துக் கற்ற ஒருவர், எட்டாண்டுகள் கழித்து ஒரு தாளை வாசித்த கதையே இன்று நாம் சொல்ல வந்தது என்பதால், தலைவர் அவர்களும் மறுக்கவில்லை.

இங்கு அமர்ந்திருக்கும் இளைஞர்களில் பலர் முதல் வீட்டை வாங்கும் பருவத்தில் இருக்கிறீர்கள். உங்கள் தந்தையர்க்கு அந்த எண்ணமே பேராசையாகத் தோன்றிய காலம் உண்டு. நம்மவர் நகரத்தில் வாடகைக்கு வீடு கேட்டுச் சென்றால் முதற் கேள்வி வேலையைப் பற்றியது; இரண்டாம் கேள்வி சொந்த ஊரைப் பற்றியது; மூன்றாவது, அவ்வூரில் எந்தத் தெரு என்பது. மூன்றாம் கேள்விக்குப் பின் வீட்டுக்காரருக்குத் திடீரென்று உறவினர் வரவு நினைவுக்கு வந்துவிடும். இதனை நாம் மூன்று ஊர்களில் அனுபவித்தோம். ஆதலின் சொந்தக் கூரை என்பது நமக்குச் சொகுசன்று. அந்த மூன்றாம் கேள்வியிலிருந்து விடுதலை.

2011-ஆம் ஆண்டில் அத்தகைய வீடு ஒன்று எமக்குக் கிட்டியது. விலை 14 லட்சம். வங்கி 11 லட்சம் தர இசைந்தது. எஞ்சிய 3 லட்சத்தை முன்பணமாக நாமே கட்டவேண்டும். வங்கியார் அதனை மார்ஜின் பணம் என்பர். பத்திரச் செலவும் பிற செலவுமாக 1,20,000 ரூபாய். ஆக 4,20,000 தேவை. சேமநிதிக் கடனும் சீட்டுப் பணமும் சேர்த்து எம் கையில் இருந்தது 1,80,000. மீதிக்கு எங்கே போவது?

எம் துணைவியார் ஆம்பூர்ப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலை ஒன்றில் 14 ஆண்டுகள் தையல் பிரிவில் வேலை செய்தவர். கண்பார்வை குன்றியதால் அவ்வாண்டின் தொடக்கத்தில் வேலையை விட்டிருந்தார். அவருடைய சேமநிதி 1,25,000 ரூபாய் வந்து வங்கிக் கணக்கில் கிடந்தது. அவர் தாயார் களை பறித்தும் நாற்று நட்டும் சேர்த்து, குறுணி குறுணியாக வாங்கிக் கொடுத்த ஏழு பவுன் நகையும் இருந்தது. நாம் கேட்கவில்லை. அவரே ஒரு நாள் காலை நகையை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு, கடைக்குப் போகலாம் வாருங்கள் என்றார். விற்றதில் 1,15,000 கிடைத்தது. கணக்குச் சரியாகிவிட்டது.

வங்கியில் ஒரு தடை எழுந்தது. கடன் கேட்டவர் நாம். முன்பணத்தில் 2,40,000 வந்ததோ துணைவியாரின் கணக்கிலிருந்து. அது எமக்குக் கடனாக வந்ததா, கொடையாக வந்ததா என்று கேட்டார்கள். அக்கேள்வியில் பிழையில்லை. கடனாயின் அதனையும் திருப்பிக் கட்டவேண்டியிருக்கும். மாதத் தவணை கட்டும் ஆற்றல் குறையும். அதனை அறிந்துகொள்ள வங்கிக்கு உரிமை உண்டு. கொடைதான் என்றோம். அச்சடித்த கடிதம் ஒன்றைக் கொடுத்து அவரிடம் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார்கள்.

அத்தாளில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, இப்பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டேன் என்பது. மற்றொன்று, இப்பணத்தைக் கொண்டு வாங்கும் சொத்தில் எனக்கு எவ்வித உரிமையும் பாத்தியதையும் இல்லை என்பது. நாம் இரண்டையும் படிக்கவில்லை. பத்தாம் வகுப்புத் தேறி, போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, நாள்தோறும் தாள்களோடு வாழ்ந்த நாம், கையெழுத்திடும் இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கற்குறி இட்டு அவரிடம் நீட்டினோம்.

அவர் விளக்கடியில் அமர்ந்து, விரலை வரியின் மேல் நகர்த்தி, உதடசைத்து வாசித்தார். 2003-இல் இக்கழகத்தின் மாலை வகுப்பில் அவ்வாறுதான் கற்றார். இன்றும் அவ்வாறுதான் வாசிக்கிறார். அரை நாழிகை ஆயிற்று. பிறகு கேட்டார்: “ஏங்க, பணம் திருப்பிக் கேட்கமாட்டேன், அது சரி. வீட்டில் உரிமை இல்லை என்று எழுதியிருக்கிறதே, அதை யார் எழுதச் சொன்னது?”

அது வெறும் சடங்கு, எல்லோரும் எழுதிக் கொடுப்பதுதான் என்றோம். அவர் மேலும் ஒன்றும் கேளாமல் கையெழுத்திட்டார். பத்திரமும் எம் ஒருவர் பெயரிலேயே பதிவாயிற்று. சம்பளம் இல்லாதவரைச் சேர்த்தால் வீண் கையெழுத்துகள் பெருகும் என்று வங்கியில் ஒருவர் சொன்னார். இரண்டு பெயர் இருந்தால் பின்னால் தொல்லை என்று பத்திரம் எழுதுபவரும் சொன்னார். அவர்கள்மேல் பழி போட்டுத் தப்பிக்க நாம் விரும்பவில்லை. பத்திரத்தில் மனைவியின் பெயரும் இருந்தால் ஊரில் என்ன சொல்வார்கள் என்ற எண்ணம் எமக்குள்ளேயே இருந்தது. அதுவே மெய்யான காரணம்.

2017-இல் எங்கள் தெருவில் ஓர் இளைஞர் சாலை விபத்தில் இறந்தார். அவரும் நம்மவர், கழகத்தில் படித்தவர். மனைவியின் நகையை விற்ற பணத்தை முன்பணமாகக் கட்டி, தம் பெயரில் மட்டும் வீடு வாங்கியவர். இரண்டு சிறு பிள்ளைகள். உயில் எழுதவில்லை, முப்பத்து நான்கு வயதில் யார் எழுதுவார்? 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலின்றி இறந்த ஆணின் சொத்துக்கு மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோர் முதல் வரிசை வாரிசுகள், அனைவர்க்கும் சமபங்கு. அவ்வீடு நான்காகப் பிரிந்தது. மனைவிக்குக் கால் பங்கு. தாயாருக்குக் கிடைத்த கால் பங்கை அவருடைய மற்றொரு மகன் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டு, பாகப்பிரிவினை கேட்டு வழக்குத் தொடுத்தான். இரண்டு அறை வீட்டில் எதைப் பிரிப்பது? இறுதியில் வீடு விற்கப்பட்டது. கடன் போக எஞ்சியது நான்கு கூறாயிற்று. என் நகை, என் நகை என்று அப்பெண் சொல்லிக்கொண்டிருந்தார். எந்தத் தாளில் இருக்கிறது என்று கேட்டார்கள்.

இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாய்க்கும் பங்கு உண்டு என்ற சட்டத்தை நாம் குறைகூறவில்லை. பிள்ளையை இழந்த கிழவியைத் தெருவில் நிறுத்தாத சட்டம் அது. அப்போது எம் தாயார் உயிரோடிருந்தார். இச்சட்டத்தை அவருக்கு விளக்கியபோது, தம் ஆயுளில் கேளாமலே யாரோ தமக்குப் பங்கு கொடுத்தது இதுவே முதல் தடவை என்று சொல்லி நெடுநேரம் சிரித்தார். குறை தாயின் பங்கில் இல்லை. மனைவி போட்ட பணம், வாரிசுப் பங்கு பிரிப்பதற்கு முன்பே, அவர் பங்காக எழுதப்படாமற் போனதில்தான் இருக்கிறது.

பிற சமயத்தார்க்குச் சட்டம் வேறு. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, எஞ்சியது பிள்ளைகளுக்கு. பௌத்தம் தழுவியோர்க்கு இந்து வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும். நம் தெருக்களில் மூவரும் கலந்து வாழ்வதால் இதனைக் குறிப்பிட்டோம்.

அந்த வழக்கு முடிந்த நாளிரவு நாங்களிருவரும் பீரோவைத் திறந்து, 2011-ஆம் ஆண்டுக் கடிதத்தின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தோம். துணைவியார் வாசிக்கவில்லை, அவருக்கு அது மனப்பாடமாக இருந்தது. ஆறு ஆண்டுகளாக மனப்பாடமாக இருந்திருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தோம்.

அதன்பின் நாங்கள் தேடிக் கற்றவற்றைச் சொல்லுகிறோம். நாம் வழக்குரைஞர் அல்லேம். ஐயம் வந்தால் வழக்குரைஞரிடம் கேளுங்கள்.

கொடை என்பது விளையாட்டுச் சொல்லன்று. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, பணம், நகை போன்ற அசையும் பொருளைக் கையில் கொடுத்து மற்றவர் ஏற்றுக்கொண்டாலே கொடை முற்றுப்பெற்றுவிடும், பதிவு வேண்டா. முற்றுப்பெற்ற கொடையை மனம் மாறியதும் திரும்பப் பெற இயலாது. வீடு, மனை போன்ற அசையாச் சொத்துக்கு மட்டுமே பதிவும் இரண்டு சாட்சிகளும் கட்டாயம். எனவே துணைவியார் பணத்தைக் ‘கொடை’ என்று எழுதிக் கொடுத்த அந்நொடியே அது கணவனின் பணம்.

அவர் அதனைக் கொடையாகக் கொடாமல், கணவனின் பொறுப்பில் ஒப்படைத்திருந்தால் நிலை வேறு. பெண்ணுக்கு அவள் பிறந்த வீட்டார் அன்பாக அளித்த நகையும் பொருளும் சீதனம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டுப் பெறுவது வரதட்சணை. நம் பேச்சு வழக்கில் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். வரதட்சணை 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சீதனமோ பெண்ணின் தனிச் சொத்து. 1985-இல் உச்சநீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது: சீதனம் கணவன் வீட்டில் இருப்பதனால் கணவன் அதற்குக் கூட்டு உரிமையாளன் ஆகிவிடுவதில்லை. 2024-இல் மீண்டும் அந்நீதிமன்றம், நெருக்கடியில் கணவன் அதனைப் பயன்படுத்தலாம், ஆயினும் திருப்பித் தரும் கடமை அவனுக்கு உண்டு என்றுரைத்து, கேரளப் பெண் ஒருவருக்கு 25 லட்சம் ரூபாய் வழங்கச் செய்தது. ஆனால் ‘கொடை, உரிமை ஏதுமில்லை’ என்று கையெழுத்திட்ட தாள் ஒன்று எதிர்த்தரப்பின் கையில் இருந்தால், சீதனம் என்று வாதிடுவது எத்துணைக் கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அப்படியாயின் வங்கி கேட்கும் கடிதத்தை எவ்வாறு கொடுப்பது? மிக எளிய வழி, பத்திரத்தில் இருவர் பெயரையும் சேர்ப்பது. அப்போது அவர் பணம் அவருடைய பங்குக்கே போகிறது. கொடைக் கடிதத்துக்கே வேலையில்லை. சம்பளம் இல்லாத மனைவியும் சொத்தில் கூட்டு உரிமையாளர் ஆகலாம். வங்கி அவரையும் கடனில் கையெழுத்திடச் சொல்லும், அவ்வளவே.

இதில் இளைஞர்கள் மிகவும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கடனில் கூட்டாளி வேறு, சொத்தில் கூட்டாளி வேறு. வேலைக்குப் போகும் மனைவியின் சம்பளத்தைக் காட்டிப் பெரிய கடன் வாங்குகிறார்கள். கடன் தாளில் இருவர் கையெழுத்து. பத்திரத்திலோ கணவன் பெயர் மட்டும். தவணை தவறினால் வங்கி இருவரையும் கேட்கும். வீடு மட்டும் ஒருவருடையது. செவிலியராகவும் ஆசிரியராகவும் பணிபுரியும் நம் பெண்கள் இருவர் இந்நிலையில் இருப்பதை நாமே அறிவோம். கடனை ஏற்பவர் கட்டாயம் பத்திரத்திலும் இருக்கவேண்டும்.

இருவர் பெயர் இருந்தால் யாருக்கு எவ்வளவு? அதே 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு இதற்கு விடை கூறுகிறது. தனித்தனிப் பணம் போட்டு வாங்கினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, போட்ட பணத்தின் அளவில் பங்கு; யார் எவ்வளவு போட்டார் என்பதற்குச் சான்றே இல்லையாயின் சமபங்கு. எனவே பங்கைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது நன்று. பணம் வங்கிக் கணக்கின் வழியே செல்லட்டும். நகை விற்ற ரசீதையும் பத்திரத்தோடு வையுங்கள். எம் துணைவியார் நகை விற்ற ரசீதை நாம் அன்றே தொலைத்தோம். அவர் தம் பையில் நகலெடுத்து வைத்திருந்தார்.

எங்கள் கணக்கில், 14 லட்சத்தில் 2,40,000 என்பது ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அவ்வளவுதான் அவர் பங்கா என்ற வினா எழுந்தது. தவணை எம் சம்பளத்தில் போயிற்று, உண்மை. அச்சம்பளம் முழுவதும் தவணைக்குப் போகுமாறு, மீதியில் ஐந்து பேருக்குச் சோறு போட்டவர் யார்? 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம், வீட்டைப் பேணும் மனைவியின் உழைப்பும் கணவன் சொத்துச் சேர்ப்பதற்குத் துணை நின்ற பங்களிப்பே என்று ஏற்று, சமபங்கு உண்டு எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வருமுன்னரே நாங்கள் பாதி என்று முடிவு செய்திருந்தோம். அவரன்றி எம்மால் ஓராண்டுத் தவணையும் கட்டியிருக்க முடியாது என்பது எமக்குத் தெரியும். அன்றியும், ஏறத்தாழ 16,500 ரூபாய்க்கு விற்ற பவுன் 2025-இல் 70,000-ஐக் கடந்துவிட்டது. நகைக்கு ஈடாக 1,15,000-ஐத் திருப்பிக் கொடுத்தால் அது திருப்பிக் கொடுத்ததாகுமா?

கடன் முடியும் வரை மூலப் பத்திரம் வங்கியில் இருந்தது. அதன் இசைவின்றிப் பெயர் மாற்ற இயலாது. ஆகவே 2017-இல் முதல் வேலையாக உயில் எழுதினோம். அதற்கு முத்திரைத் தாள் வேண்டா, பதிவும் கட்டாயமன்று, இரண்டு சாட்சிகள் போதும். 2022-இல் ஓய்வு பெற்ற பணத்தில் கடனை முடித்து, பாதி வீட்டைத் துணைவியார் பெயருக்கு செட்டில்மெண்ட் பத்திரமாகப் பதிந்தோம். குடும்பத்தாருக்குள் எழுதும் அப்பத்திரத்துக்குச் செலவு விற்பனைப் பத்திரத்தைவிட மிகக் குறைவு. இருப்பினும், 2011-இலேயே பெயரைச் சேர்த்திருந்தால் அச்செலவும் இல்லை, ஐந்தாண்டு அச்சமும் இல்லை.

வரியைப் பற்றிச் சுருக்கமாக: கணவன் மனைவிக்குள் கொடுக்கும் பணத்துக்குக் கொடை பெற்றவர் வருமான வரி கட்டவேண்டியதில்லை. அப்பணத்தில் வாங்கிய வீட்டை வாடகைக்கு விட்டால், அப்பகுதி வாடகையைக் கொடுத்தவரின் வருமானத்தில் சேர்ப்பர். மணமாகாத இருவருக்குள் கொடுத்தாலோ நிலை வேறு. ஓராண்டில் 50,000-ஐக் கடந்த கொடை, உறவினர் அல்லாதவரிடமிருந்து வந்ததாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படும். காதலித்து, மணநாளை எதிர்நோக்கி, முன்கூட்டியே வீட்டுக்கு முன்பணம் கட்டும் இளைஞர்கள் இப்போது உண்டு. அவர்கள் இருவர் பெயரிலும் வாங்குவதே அறிவு. மனைவி பெயரில் வாங்கினால் பினாமி ஆகிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். கணக்கில் வந்த பணத்தைக் கொண்டு மனைவி பெயரில் வாங்குவதை 2016-இல் திருத்தப்பட்ட பினாமிச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு சலுகையும் உண்டு.

தாள் என்றால் நம்மவர்க்கு ஓர் அலட்சியம் இருக்கிறது. ஓர் அச்சமும் இருக்கிறது. அதற்கு வரலாறு உண்டு. 1891-இல் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதியதன் விளைவாக, 1892-இல் நமக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் அழைப்பது அதுவே. பிறர்க்கு விற்கலாகாது என்ற நிபந்தனை தாளில் எழுதப்பட்டிருந்தது. ஆயினும் அந்நிலங்களுள் எத்தனையோ இன்று பிறர் கையில். படிக்கத் தெரியாதவனிடம் கைநாட்டு வாங்குவது எளிது. படிக்கத் தெரிந்த நாம், பென்சிற்குறி இட்டுத் துணைவியிடம் நீட்டிய தாளுக்கும் அந்தத் தாளுக்கும் வேறுபாடு எவ்வளவு என்று எண்ணும்போது எமக்கு நாணமாக இருக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் 1942-இல் நாகபுரியில் கூடிய பெண்கள் மாநாட்டில், மனைவி கணவனுக்குத் தோழியாகவும் சமமானவளாகவும் நிற்கவேண்டும் என்று பேசினார். பெண்ணுக்குச் சொத்துரிமை தரும் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா நிறைவேறாமற் போனதை முக்கியக் காரணமாகக் காட்டி, 1951-இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். 1956-இல் வந்த வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, பெண் தன் சொத்துக்கு முழு உரிமையாளர் என்று கூறுகிறது. அவருடைய படத்தை நடுக்கூடத்தில் மாட்டியிருக்கும் வீட்டின் பத்திரத்தில் அவ்வீட்டுப் பெண்ணின் பெயர் இல்லை என்பதை, எங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தே நாம் ஒருநாள் உணர்ந்தோம்.

பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் துணைவியாரிடம் பத்திரத்தை நீட்டிக் கையெழுத்திடச் சொன்னார்கள். பின்னால் வரிசை நின்றது. அவர் ஓரமாக இருந்த பலகையில் அமர்ந்து, முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்து வாசிக்கத் தொடங்கினார். பத்திரம் எழுதுபவர் எம்மைப் பார்த்தார். வாசிக்கட்டும் என்றோம். மூன்றாம் பக்கத்தில் வீட்டின் வடக்கெல்லை தவறாக எழுதப்பட்டிருந்ததை அவர்தாம் கண்டுபிடித்தார். திருத்தி எழுத மேலும் ஒரு மணி நேரமாயிற்று.

அடுத்த ஞாயிறு முதல் கழகத்தின் படிப்பகத்தில், காலை பத்து மணிக்கு, வீட்டுக் கடன் தாள்களையும் பத்திரங்களையும் வாசித்துப் பார்க்கும் அமர்வு ஒன்றை நடத்த இருக்கிறோம். எம் துணைவியாரும் வருவார். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மூலப் பத்திரத்தை எடுத்துவர வேண்டா, நகல் போதும். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் மறவாமல் எடுத்து வாருங்கள்.